ஜப்பானின் பழைய அனிமே பாடல்கள்: புதிதாகக் கேட்பவர்களுக்கு ஓர் அறிமுகம்

டோக்கியோவின் யாமனோதே ரயில் தடத்தில் தகடனோபாபா என்றொரு நிலையம் இருக்கிறது. ரயில் கிளம்பும் முன் அங்கே சில நொடிகள் ஒரு மெட்டு ஒலிக்கும். 1963 ஜனவரி 1 அன்று ஒளிபரப்பு தொடங்கிய 'ஆஸ்ட்ரோ பாய்' கார்ட்டூன் தொடரின் பாட்டு அது. காமிக்ஸ் கலைஞர் ஒசாமு தெசுகாவின் கதைப்படி அந்த ரோபோச் சிறுவன் உருவானது தகடனோபாபாவில்தான். அவன் பிறந்தநாள் 2003 ஏப்ரல் 7. கதையில் எதிர்காலமாக இருந்த அந்த வருடம் நிஜமாகவே வந்தபோது, நிலையத்துக்கு இந்த மெட்டைக் கொண்டுவந்தார்கள். முதல் அத்தியாயத்தை ஏழு வயதில் பார்த்த பிள்ளைகள் இன்று எழுபது வயதுப் பெரியவர்கள். அதே நடைமேடையில் நிற்கும் கல்லூரி மாணவனுக்கு அது ரயில் கிளம்பும் சத்தம். அவர்களுக்கு அது வேறு.

அந்த வேறு என்ன என்பதுதான் இந்தக் கட்டுரை. அனிமே என்றால் ஜப்பானியக் கார்ட்டூன் என்று ஓரளவு தெரியும், ஆனால் அதன் பாடல்களை, அதுவும் 1960, 70களின் பாடல்களை, ஏன் இத்தனை பேர் உயிராக நினைக்கிறார்கள் என்று புரியவில்லை என்பவர்களுக்காக எழுதுகிறேன். ஜப்பானிய மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதலில் அடிப்படை. தொலைக்காட்சி அனிமே பெரும்பாலும் அரை மணி நேர நிகழ்ச்சி. அதன் தலையில் ஒரு பாட்டு, வாலில் ஒரு பாட்டு. தொடக்கப் பாடல், நிறைவுப் பாடல் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒன்றரை நிமிடம். அந்த ஒன்றரை நிமிடத்துக்குள் முன்னிசை, ஒரு சரணம், எல்லோரும் சேர்ந்து பாடக்கூடிய ஓர் உச்சப் பகுதி, முடிவு எல்லாம் அடங்க வேண்டும். இந்த வகைப் பாடல்களை ஜப்பானில் 'அனிசோன்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இசைத்தட்டில் வரும் முழுப் பாட்டு மூன்று நிமிடம் போகும், அதில் இரண்டாவது, மூன்றாவது சரணங்களும் இருக்கும். டிவியில் மட்டும் பார்த்தவர்களுக்கு அந்தச் சரணங்கள் தெரியவே தெரியாது. நம்மூர் மெகா சீரியல்களின் டைட்டில் பாட்டை வருடக்கணக்கில் கேட்டவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே பிடிபடும்: அதே நேரம், அதே பாட்டு, வாரத்துக்கு வாரம், வீடு முழுக்கக் கேட்கும்.

அன்றைய பாடல்களுக்கு ஒரு வேலை இருந்தது. பிள்ளை எங்கோ விளையாடிக்கொண்டிருப்பான். பாட்டு ஆரம்பித்ததும் ஓடிவர வேண்டும். அதனால் கதாநாயகனின் பெயர் பாட்டில் வந்தாக வேண்டும், திரும்பத் திரும்ப வர வேண்டும். 1972இல் வந்த 'மாஸிங்கர் இசட்' பாட்டைக் கேளுங்கள். பித்தளைக் கருவிகள் பிளிறும், தாளம் ராணுவ நடை போடும், பாட்டின் வரிகளிலேயே அந்த ராட்சத ரோபோவின் ஆயுதங்கள் பெயர் பெயராக வரும்: பறந்து போய்த் தாக்கும் ராக்கெட் முஷ்டி, மார்பிலிருந்து பாயும் நெருப்பு. கடைசியில் பாடகர் இச்சிரோ மிசுகி 'இசட்' என்ற ஓர் எழுத்தை ஜப்பானிய உச்சரிப்பில் அடிவயிற்றிலிருந்து நீட்டிக் கத்துவார். அந்தக் கத்தல்தான் பிற்பாடு அவருடைய அடையாளமே ஆனது.

இதைப் படித்தால் ஏதோ விளம்பரப் பாட்டு போலத் தோன்றலாம். கேட்டால் அப்படித் தோன்றாது. அதற்குக் காரணம் எழுதியவர்களும் இசையமைத்தவர்களும்.

எனக்கு இந்தப் பாடல்களைப் பற்றிச் சொல்ல ஒரே ஒரு பெரிய விஷயம் இருக்கிறதென்றால் அது இதுதான்: குழந்தைகளுக்கான பாட்டுதானே என்று கையைச் சுருக்கிக்கொள்ளாத பெரிய ஆட்கள் இவற்றைச் செய்தார்கள். 'ஆஸ்ட்ரோ பாய்' தொடர் தொடங்கியபோது அதன் பாட்டுக்கு வரிகளே இல்லை, வெறும் இசைதான். தாட்சுவோ தகாய் போட்ட அந்த மெட்டுக்குப் பிற்பாடு வரிகள் எழுதியவர் ஷுன்தாரோ தானிகாவா. ஜப்பானின் நவீனக் கவிஞர்களில் மிக அதிகமாக வாசிக்கப்பட்டவர்களில் ஒருவர், 2024இல் மறைந்தார். பாடியது ஒரு சிறுவர் குழு. வானத்தைத் தாண்டி, நட்சத்திரங்களுக்கு அப்பால் போகிறவனைப் பற்றிய பாட்டு. நடுவில் வரும் 'லா லா லா' கூட அந்த வேகத்தின் பகுதியாகவே ஒட்டிக்கொண்டிருக்கும்.

1969 அக்டோபர் 5 முதல் இன்றுவரை ஞாயிறு மாலை ஓடிக்கொண்டிருக்கும் 'சசாயே-சான்' குடும்பத் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். மீனைக் கவ்விக்கொண்டு ஓடும் திருட்டுப் பூனையை வெறுங்காலோடு துரத்தும் குடும்பத்தலைவியைப் பற்றிய அந்தத் துள்ளல் பாட்டுக்கு இசை க்யோஹெய் சுட்சுமி. 1968 டிசம்பரில் வெளிவந்த 'ப்ளூ லைட் யோகோஹாமா' பாட்டால் நாட்டையே முணுமுணுக்க வைத்திருந்தார். ஜப்பானிய மெல்லிசை உலகில் அதிகம் விற்ற இசையமைப்பாளர்களில் ஒருவர். அவர் ஒரு பூனை துரத்தும் பாட்டுக்கு அதே அக்கறையைக் கொடுத்தார். அந்தப் பாட்டு ஐம்பது வருடங்களுக்கு மேலாக அப்படியே இருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இந்தத் தொடர் முடியும்போது வார இறுதியும் முடிந்துவிடுகிறது, மறுநாள் திங்கள். அந்த நேரத்தில் மனதில் இறங்கும் கனத்துக்கு ஜப்பானியர்கள் இந்தத் தொடரின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

குத்துச்சண்டைக் கதையான 'அஷித்தா நோ ஜோ' 1970 ஏப்ரலில் தொலைக்காட்சிக்கு வந்தது. அதன் பாட்டை எழுதியவர் ஷூஜி தெராயாமா. கவிஞர், நாடகக்காரர், அன்றைய கலகக் கலைஞர்களில் முன்வரிசை ஆள். பாடியவர் இசாவோ பிட்டோ என்ற ராக் பாடகர். 1966இல் பீட்டில்ஸ் குழு டோக்கியோ புடோகான் அரங்கில் பாடியபோது அவர்களுக்கு முன்னால் மேடையேறியவர்களில் இவரும் ஒருவர். மூலக் காமிக்ஸில் ஜோவின் எதிராளி ரிக்கிஷி இறந்துபோகிறான். அந்தக் கற்பனைப் பாத்திரத்துக்கு 1970 மார்ச்சில் ஒரு நிஜ இறுதிச் சடங்கு நடந்தது, பதிப்பாளரான கோதான்ஷாவின் கட்டடத்திலேயே. சுமார் 700 பேர் வந்தார்கள். முன்னின்று நடத்தியது இதே தெராயாமா. ஒரு காமிக்ஸ் பாத்திரத்தின் சாவை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டவர் எழுதிய பாட்டு எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கிறது. வெற்றியைப் பற்றி அதில் ஆர்ப்பாட்டம் கிடையாது. மெட்டு கனமாக, இருட்டாக நடக்கும். பிட்டோவின் குரலில் வியர்வை தெரியும்.

ஹெய்டியை மட்டும் கொஞ்சம் நின்று கேட்போம்

ஒரே ஒரு பாட்டோடு ஆரம்பிக்க வேண்டுமென்றால் 1974 ஜனவரியில் தொடங்கிய 'ஆல்ப்ஸ் சிறுமி ஹெய்டி'யின் தொடக்கப் பாடலைச் சொல்வேன். இயக்கம் இசாவோ தகாஹாதா. இசை தாகெயோ வாதனபே. வரிகள் எரிகோ கிஷிதா, இவரும் கவிஞர்தான்.

முதலில் ஆல்ப்ஹார்ன் என்ற நீளமான மரக்குழலின் ஓசை. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவது போல இருக்கும். பிறகு யோடல், அதாவது தொண்டையை மேல்கீழாக உடைத்து உடைத்துப் பாடும் மலைநாட்டுக் குரல். இந்த ஓசைகளை டோக்கியோவில் யாரையோ வைத்து ஒப்பேற்றவில்லை. சுவிட்சர்லாந்துக்குப் போய், அந்த ஊர்க்காரர்களை வைத்தே பதிவு செய்தார்கள். வாரம் ஒரு முறை குழந்தைகள் பார்க்கும் கார்ட்டூனுக்கு! அதற்கு அடுத்துத் துள்ளலான தாளம் தொடங்க, கயோகோ இஷூவின் குரல் உள்ளே வரும். இவர் ஸ்டுடியோ பாடகி. பெரியவர்களுக்கான '11 பிஎம்' என்ற நள்ளிரவு நிகழ்ச்சியின் சொல்லில்லா ஆலாபனையைப் பாடியவரும் இவரே. அந்தக் குரலை ஐந்து வயதுச் சிறுமியின் பாட்டுக்கு அழைத்திருக்கிறார்கள். குழந்தைக் குரலாகப் பாசாங்கு செய்யாமல், தெளிவாக, கொஞ்சம் காற்றோடு பாடுகிறார்.

வரிகள் முழுக்கக் கேள்விகள். விசில் சத்தம் ஏன் அவ்வளவு தூரம் கேட்கிறது? அந்த மேகம் ஏன் எனக்காகக் காத்திருக்கிறது? தாத்தாவிடம் சொல்லித்தரச் சொல்லிக் கேட்கிறாள், மலையிலிருக்கும் ஊசியிலை மரத்திடமும் கேட்கிறாள். பாட்டு பதில் சொல்வதில்லை. அந்த வயதில் இது ஒரு ஜாலியான பாட்டு. ஐம்பது வயதில் கேட்பவருக்கு, தான் கேட்ட கேள்விகளும் பதில் சொல்ல இருந்த பெரியவர்களும் நினைவுக்கு வருகிறார்கள். பாட்டில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. சிறு பிள்ளைக்குப் புரியாத ஒரு தளத்தைக் கிஷிதா அன்றே உள்ளே வைத்துவிட்டார். நல்ல கவிஞரிடம் வேலையைக் கொடுத்தால் கிடைப்பது இதுதான்.

தாகெயோ வாதனபேயின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பேஸ்பால் தொடரான 'க்யோஜின் நோ ஹோஷி', பெண்கள் வாலிபால் அணியைப் பற்றிய 'அட்டாக் நம்பர் 1', 'கேண்டி கேண்டி', 1979இன் முதல் 'குண்டம்' ரோபோத் தொடர் எல்லாவற்றிலும் இவர் இசை உண்டு. மாஸிங்கருக்கு இசையமைத்த சூமெய் வாதனபே வேறொருவர். பெயர் ஒன்று என்பதால் புதிதாக வருகிறவர்கள் இருவரையும் குழப்பிக்கொள்வது சகஜம். பாட்டைக் கேட்டால் குழப்பம் தீர்ந்துவிடும்: தாகெயோவிடம் மெல்லிசையும் ஏக்கமும், சூமெயிடம் பித்தளையும் இரும்பும்.

கப்பலும் போரும்

ஹெய்டி ஓடிக்கொண்டிருந்த அதே ஞாயிறு இரவு, அதே நேரத்தில், 1974 அக்டோபரில் வேறொரு சானலில் 'விண்வெளிப் போர்க்கப்பல் யாமாதோ' தொடங்கியது. பெரும்பாலான வீடுகளில் ஒரு டிவிதான். எதைப் பார்ப்பது என்று சண்டை வந்த வீடுகளில் ஹெய்டியே ஜெயித்திருக்கும், ஏனென்றால் யாமாதோவை அப்போது அதிகம் பேர் பார்க்கவில்லை. 26 அத்தியாயங்களில் முடிந்துபோனது. மறுஒளிபரப்பில்தான் ரசிகர்கள் சேர்ந்தார்கள். 1977இல் அதையே சுருக்கித் திரைப்படமாக வெளியிட்டபோது தியேட்டர் வாசலில் இளைஞர்கள் வரிசை கட்டி நின்றார்கள்.

அதன் பாட்டை எழுதியவர் யூ அகு, இசை ஹிரோஷி மியாகவா. அகு பிறந்தது 1937, மியாகவா 1931. இருவருமே போரைச் சிறுவர்களாகப் பார்த்த தலைமுறை. யாமாதோ என்பது 1945 ஏப்ரலில் ஆயிரக்கணக்கானவர்களோடு மூழ்கிய நிஜப் போர்க்கப்பலின் பெயர். கதையில் அந்தக் கப்பலே விண்வெளிக் கப்பலாக எழுந்து, சாகப்போகும் பூமியைக் காப்பாற்றும் கருவியைத் தேடிப் புறப்படுகிறது. பாட்டு பூமிக்கு விடை சொல்வதில் தொடங்குகிறது. கையசைத்து வழியனுப்புகிறவர்களுக்கு, கட்டாயம் இங்கே திரும்பி வருவோம் என்று சிரித்த முகத்தோடு பதில் சொல்லிவிட்டுக் கிளம்புகிறார்கள்.

இந்தப் பாட்டை ஒரு பத்து வயதுப் பையன் ராணுவ நடைப் பாட்டாகக் கேட்டிருப்பான். அவன் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் அந்தப் பெயரும் அந்தக் கையசைப்பும் எப்படிக் கேட்டிருக்கும்? திரும்பி வராத கப்பலுக்கு, திரும்பி வருவோம் என்று ஒரு பாட்டு. மெட்டும் வெற்றி முழக்கமாக இல்லை. துள்ளும் நடையில் சோகச் சுவை கலந்திருக்கிறது. இசாவோ சசாகியின் அடித்தொண்டைக் குரல் அதற்குச் சரியாகப் பொருந்தியது. 1960இல் 'ஜப்பானின் எல்விஸ் பிரெஸ்லி' என்று அறிமுகமானவர் அவர். அந்த அலை ஓய்ந்து, நடிப்பு, பின்னணிக் குரல் என்று போய், 1973இல் 'காஷான்' மூலம் அனிமே பாட்டுக்கு வந்து சேர்ந்தார்.

யாமாதோவின் நிறைவுப் பாடலான 'சிவப்புக் கழுத்துத் துணி' பற்றியும் ஒரு வார்த்தை. அதுவும் சசாகிதான். பயணத்தில் வெகுதூரம் போனவன், வழியனுப்பியபோது அந்தப் பெண் அசைத்த சிவப்புத் துணியை நினைத்துப் பாடுகிறான். அதிரும் தொடக்கம், அடங்கும் முடிவு என்ற இந்த ஏற்பாடு அன்றைய தொடர்கள் பலவற்றில் உண்டு. என் எண்ணத்தில், பழைய அனிமே இசையின் உண்மையான பொக்கிஷம் நிறைவுப் பாடல்களில்தான் இருக்கிறது. தொடக்கப் பாட்டு ஊரைக் கூட்டும். நிறைவுப் பாட்டு யாரையும் கூப்பிட வேண்டியதில்லை, அதனால் தன் மனதைச் சொல்லலாம்.

1969இன் 'டைகர் மாஸ்க்' அதற்கு நல்ல சாட்சி. அது புலி முகமூடி அணிந்த மல்யுத்த வீரன் நாவோதோ தாத்தேயின் கதை. அநாதை விடுதியில் வளர்ந்தவன், சம்பாதித்ததை விடுதிப் பிள்ளைகளுக்கே கொடுப்பான். இசை ஷுன்சுகே கிகுச்சி, பிற்பாடு 'டோரேமான்' இசையைச் செய்தவர். தொடக்கப் பாட்டில் மணி அடித்து மல்யுத்தம் நடக்கும். நிறைவுப் பாட்டோ அநாதை ஒருவனின் சோகப் பாட்டு, மெதுவாக, கிட்டத்தட்ட பழைய மெல்லிசை நாயகர்களின் பாணியில். இந்தக் கதையும் பாட்டும் எவ்வளவு ஆழமாகப் போய் உட்கார்ந்தன என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 2010 கிறிஸ்துமஸ் அன்று, குன்மா மாவட்டத்தின் மயேபாஷி நகரில் உள்ள குழந்தைகள் நல மையத்தின் வாசலில், பள்ளிப் பிள்ளைகள் முதுகில் மாட்டும் தோல் பைகள் பத்து, புத்தம் புதிதாக வைக்கப்பட்டிருந்தன. அனுப்பியவர் பெயர்: நாவோதோ தாத்தே. செய்தி பரவியதும் நாடு முழுக்க இப்படிப் பைகளும் பொம்மைகளும் அரிசியும் காய்கறியும் அதே பெயரில் வந்து குவிந்தன.

பாடியவர்கள்

பாடகர்களில் நான்கு பேரைத் தெரிந்துகொண்டால் எழுபதுகளில் பாதியைத் தாண்டிவிடலாம். சசாகியைப் பார்த்துவிட்டோம். இச்சிரோ மிசுகி 1968இல் சாதாரண மெல்லிசைப் பாடகராக அறிமுகமாகி, பெரிய வெற்றி எதுவும் கிடைக்காமல், 1971இல் அனிமே பாட்டுக்கு வந்தார். ரசிகர்கள் அவரை 'அண்ணன்' என்றே அழைப்பார்கள். 1999இல் 24 மணி நேரத்தில் 1000 பாடல்களைப் பாடிக் காட்டினார். 2022இல் நுரையீரல் புற்றுநோய் என்று அறிவித்த பிறகும் சக்கர நாற்காலியில் மேடைக்கு வந்து பாடினார். அவ்வருடம் டிசம்பர் 6 அன்று தன் 74ஆம் வயதில் காலமானார். அதே ஜூனில் மாஸிங்கரின் சூமெய் வாதனபே 96 வயதில் மறைந்திருந்தார்.

மிட்சுகோ ஹோரியே 1969இல் பாட வந்தபோது வயது 12. ஒரு குழந்தை, குழந்தைகளுக்காகப் பாடியது. 1976இன் 'கேண்டி கேண்டி' அவருடைய பாட்டு: முகத்தில் புள்ளி புள்ளியாக இருந்தால் என்ன, மூக்கு சப்பையாக இருந்தால் என்ன, நான் அதையெல்லாம் பொருட்படுத்தமாட்டேன் என்று பெருமையாகச் சொல்லும் சிறுமி. நான்காமவர் குமிகோ ஓசுகி. 'அட்டாக் நம்பர் 1', 'டோரேமான்' பாட்டுகளில் கேட்கும் அந்தத் தாய்மைக் குரல் அவருடையது. இவர்களுக்குப் பின்னால் எப்போதும் ஒரு சிறுவர் பாடகர் குழுவோ ஆண்கள் குழுவோ இருக்கும். கேட்கிறவனும் அந்தக் கூட்டத்தில் ஒருவனாகிவிடும்படி அமைத்திருப்பார்கள்.

ஹோரியேயின் இன்னொரு பாட்டு ஜப்பானை விடப் பிலிப்பைன்ஸில் பெரிது. 1977இன் 'வோல்டெஸ் ஃபைவ்' ரோபோத் தொடர் அங்கே 1978இல் ஒளிபரப்பானது. 1979இல், கடைசி சில அத்தியாயங்கள் பாக்கியிருந்த நேரத்தில், அதிபர் மார்க்கோஸின் ஆட்சி அதைத் தடை செய்தது. கொடுங்கோல் பேரரசை எதிர்க்கும் கதை, முடிவு தெரியாமல் பாதியில் நின்றது. அந்த நாட்டுப் பிள்ளைகள் பாட்டை மட்டும் ஜப்பானிய மொழியிலேயே மனப்பாடமாக வைத்துக்கொண்டார்கள், அர்த்தம் தெரியாமலே. 2023இல் பிலிப்பைன்ஸ் அதை நடிகர்களை வைத்துத் தானே மறுபடி எடுத்தபோதும் பாட்டு ஜப்பானிய மொழியில்தான் ஒலித்தது. வேறு நாடுகளில் பாட்டையே மாற்றினார்கள். சசாகி பாடிய 'கிரெண்டைசர்' அரபு நாடுகளுக்குப் போனபோது லெபனான் பாடகர் சாமி கிளார்க் அரபியில் பாடினார். அந்தப் பகுதியில் நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அதுதான் அசல். நமக்கும் இப்படி ஒன்று உண்டு. 1990களில் தூர்தர்ஷனில் இந்தியில் வந்த 'ஜங்கிள் புக்' ஒரு ஜப்பானிய அனிமே. குல்சார் எழுதி விஷால் பரத்வாஜ் இசையமைத்த தலைப்புப் பாட்டை இங்கே புதிதாகப் போட்டுக்கொண்டார்கள். மொழி தெரியாமலே தமிழ்நாட்டில் அதை முணுமுணுத்த பிள்ளைகள் எத்தனையோ பேர், அவர்களுக்கு இந்தக் கட்டுரையில் உள்ளது பாதி தெரிந்த விஷயம்தான்.

எங்கே கோடு போடுவது?

'பழைய' பாடல் என்று எதுவரை சொல்வது என்று ரசிகர்களிடையே வாதம் உண்டு. நான் 1983ஐச் சொல்வேன். அந்த வருடம் 'கேட்ஸ் ஐ' தொடருக்கு அன்ரி பாடிய பாட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் போனது. அன்ரி ஏற்கெனவே புகழ்பெற்ற நகர்ப்புறப் பாப் பாடகி. அதன் பிறகு இசைத்தட்டு நிறுவனங்களுக்கு அனிமே நேரம் நல்ல விளம்பர இடமாகத் தெரிந்தது. 1987இல் 'சிட்டி ஹண்டர்' தொடரின் நிறைவுப் பாட்டாக வந்த டிஎம் நெட்வொர்க்கின் 'கெட் வைல்ட்' பாட்டில் கதையின் பெயரோ நாயகன் பெயரோ கிடையாது. தனியாக ரேடியோவில் போட்டால் சாதாரணப் பாப் பாட்டு. ஆனால் அதை அழகாகப் பயன்படுத்தினார்கள்: கதையின் கடைசிக் காட்சி முடியும் முன்னரே முன்னிசை மெதுவாக உள்ளே நுழைந்துவிடும். அதற்கப்புறம் தொண்ணூறுகளில் பாட்டும் தொடரும் தனித்தனி ஆட்களின் சரக்கு என்பது வழக்கமாகிவிட்டது. நல்ல பாட்டுகள் வரவில்லை என்று சொல்லமாட்டேன். 1995இன் 'எவாஞ்செலியன்' பாட்டு இன்றும் கரோக்கே அறைகளில் எல்லா வயதினரும் எடுக்கும் பாட்டு. ஆனால் நாயகனின் பெயரைக் கூப்பிட்டு, அவன் கதையை மட்டுமே பாடி, வேறெங்கும் ஒட்டாத பாட்டுகளின் காலம் அதற்கு முன்னால் முடிந்துவிட்டது.

பெரியவர்களை இது ஏன் இவ்வளவு பிடித்து உலுக்குகிறது என்பதற்கு நினைவு ஆய்வாளர்கள் சொல்லும் ஒரு விஷயம் உதவுகிறது. வயதானவர்களைப் பழையதை நினைக்கச் சொன்னால், ஏறத்தாழ பத்து வயதிலிருந்து முப்பது வயதுவரையான நினைவுகள்தான் அதிகம் வருகின்றன. அந்த வயதில் கேட்ட பாட்டுகளும் அப்படியே. இதோடு அன்றைய ஜப்பானின் சூழலைச் சேர்த்துப் பாருங்கள். சானல்கள் கொஞ்சம், வீட்டில் டிவி ஒன்று, மாலையில் மறுஒளிபரப்பு வேறு. பணம் இருந்த வீடுகளில் 'சோனோஷீட்' வாங்கித் தருவார்கள், படக்கதைப் புத்தகத்தோடு வரும் மெல்லிய பிளாஸ்டிக் இசைத்தட்டு அது. கேசட் ரெக்கார்டர் வந்த பிறகு டிவி ஸ்பீக்கர் முன்னால் மைக்கை வைத்துப் பதிவு செய்தார்கள். நடுவில் அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் அதுவும் டேப்பில் பதிவாகிவிடும். ஆக, ஒரே வயதுக்காரர்கள் எல்லோரும் ஒரே பாட்டை ஒரே நேரத்தில் நூறு தடவை கேட்டிருக்கிறார்கள். ஊர் தெரியாத இருவர் சந்தித்தாலும் சேர்ந்து பாட ஒரு பாட்டு இருக்கும்.

அந்தப் பாட்டுகள் வெளியிலும் ஓயவில்லை. ஆகஸ்டில் கோஷியென் மைதானத்தில் நடக்கும் உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் போட்டியில் மாணவர் பேண்டு குழுக்கள் யாமாதோவையும் 'லுப்பான்' மெட்டையும் 'டச்' பாட்டையும் வாசித்து அணியை உற்சாகப்படுத்துகிறார்கள். வாசிக்கும் பிள்ளைகளில் பலர் அந்தத் தொடர்களைப் பார்த்தே இருக்கமாட்டார்கள். டோக்கியோவின் ஓயிசுமி-ககுவென் நிலையத்தில் 1979 திரைப்படத்துக்காக கோடைகோ குழு பாடிய 'கேலக்ஸி எக்ஸ்பிரஸ் 999' ஒலிக்கிறது. அதன் கதையாசிரியர் லெய்ஜி மாட்சுமோதோ வாழ்ந்த பகுதி அது. ரயிலைப் பற்றிய பாட்டை ரயில் நிலையத்தில் வைத்திருக்கிறார்கள், சரிதானே.

கேட்க ஆரம்பிக்கிறவர்களுக்குச் சில யோசனைகள். முதலில் டிவியில் வந்த ஒன்றரை நிமிட வடிவத்தைப் படத்தோடு பாருங்கள், பிறகு முழுப் பாட்டு. பாடகர் பெயரைச் சரிபாருங்கள்: அன்று ஒரே பாட்டைப் பல இசைத்தட்டு நிறுவனங்கள் தங்கள் தங்கள் பாடகர்களை வைத்து வெளியிட்டன, அதனால் அசல் குரல் இல்லாத பதிவுகள் நிறைய உலவுகின்றன. ஹெய்டி என்றால் கயோகோ இஷூ, ஜோ என்றால் இசாவோ பிட்டோ, மாஸிங்கர் என்றால் மிசுகி. வரிகளின் பொருளைத் தேடிப் படியுங்கள், முக்கியமாக இரண்டாவது சரணத்தை. நிறைவுப் பாடலைத் தவிர்க்காதீர்கள்.

'கேண்டி கேண்டி' பிடித்துப்போனால் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும், தொடரைப் பார்க்க முடியாது. கதை எழுதிய க்யோகோ மிசுகிக்கும் படம் வரைந்த யுமிகோ இகராஷிக்கும் இடையிலான உரிமை வழக்கு 2001இல் உச்ச நீதிமன்றம்வரை போனது. அந்த வழக்குக் காலம் தொட்டு ஜப்பானில் அதன் மறுஒளிபரப்பும் இல்லை, முறையான வட்டு வெளியீடும் இல்லை. பாட்டின் உரிமை தனி என்பதால் பாட்டு மட்டும் தொகுப்புகளில் தொடர்ந்து கிடைக்கிறது. அந்தப் பாட்டின் வரிகளை எழுதியவர் கேய்கோ நாகிதா. கதாசிரியர் க்யோகோ மிசுகியின் இன்னொரு பெயர்தான் அது. பிப்ரவரி 1979இல் கடைசி அத்தியாயத்தைப் பார்த்த சிறுமிகள் இப்போது பேரப்பிள்ளைகளுக்குக் கேண்டியைக் காட்ட நினைத்தால், அவர்களால் செய்ய முடிந்தது அந்தப் பாட்டைப் பாடிக் காட்டுவது. ஹோரியே தன் மேடைகளில் அதை இன்னும் பாடுகிறார்.